ஆறட்டும்

"ஷுவைன் வந்துட்டான்" என்று பாலைவன மணலில் யாராவது சொன்னால், அவன் இன்னும் வீட்டுக்குள் வரவில்லை என்று அர்த்தம். வண்டி வாசலில் நிற்கும். இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும். ஸ்டியரிங் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு, எதிரே காபிக் கெண்டியோடு நிற்கிற வீட்டுக்காரனைப் பார்த்தும் பார்க்காத மாதிரி உட்கார்ந்திருப்பான். ஏன் என்று கேட்டால் ஒரே வார்த்தைதான் வரும். "ஆறட்டும்."

"எங்க காபியே ஆறிப்போச்சுப்பா. உன் வண்டி இன்னும் ஆறலையா?" என்பார்கள்.

"இறங்கச் சொல்லாதீங்க. அது அவனுக்குப் பொண்டாட்டி மாதிரி. தூங்க வெச்சுட்டுத்தான் வருவான்" என்று இன்னொருவர் சொல்வார். சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொள்வார். ஷுவைன் முன்னால் பொண்டாட்டிப் பேச்சு எடுக்கக்கூடாது.

மணலில் இது சின்னக் குற்றம் இல்லை. ஒட்டகத்தில் வந்த காலத்தில் விருந்தாளி ஒட்டகத்தை மண்டியிட வைத்துவிட்டுத்தான் சலாம் சொல்வான். நிற்கிற ஒட்டகத்தின் மேலிருந்து பேசினால், உன் காபி எனக்கு வேண்டாம், உன் கூரை எனக்குப் போதாது என்று முகத்தில் அடித்துச் சொன்ன மாதிரி. ஒட்டகம் போய் வண்டி வந்தது. வழக்கம் மட்டும் இறங்காமல் வண்டியிலும் ஏறிக்கொண்டது. சாவியைத் திருப்பி அணைத்தால் ஒட்டகம் மண்டியிட்டது என்று பொருள். வாசலில் உறுமிக்கொண்டு நிற்கிற வண்டி, வீட்டுக்காரனை அவமானப்படுத்துகிற வண்டி. இந்த வழக்கத்தை உண்டாக்கிய புண்ணியவான்களுக்கு டர்போ என்று ஒன்று வரப்போவது தெரியாது.

பெட்ரோல் எரிகிற சூட்டில் சக்கரம் சுற்றுவதற்குப் போவது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் வீண் சூடு. ஒரு பங்கு ரேடியேட்டர் வழியாகப் போகும், ஒரு பங்கு புகையோடு போகும். அந்தப் புகை வெளியேறுகிற வாயிலேயே உட்கார்ந்து, அதன் வேகத்தில் சுழன்று, இன்ஜினுக்குக் காற்றை அமுக்கி ஊட்டுகிற இரும்புதான் டர்போ. சுருண்டு கிடப்பதால் மணல்காரர்கள் அதற்கு நத்தை என்று பேர் வைத்தார்கள். பெரிய மணல்மேடு ஒன்றில் முக்கி முக்கி ஏறிவிட்டு பானெட்டைத் தூக்கிப் பார்த்தால் அந்த நத்தை அடுப்புத் தணல் மாதிரி சிவந்து கிடக்கும். அதன் நடுத்தண்டைக் காப்பாற்றுவது உள்ளே ஓடுகிற எண்ணெய் ஒன்றுதான். இன்ஜினை அணைத்தால் எண்ணெய் நின்றுவிடும். நின்ற எண்ணெய் அங்கேயே வறுபட்டுக் கரியாகும். அதனால் பாய்ந்து வந்த வண்டியை வந்ததும் அணைக்கக்கூடாது. கொஞ்ச நேரம் சும்மா ஓடவிட்டு ஆறவைக்க வேண்டும்.

இன்றைக்கு இது மணலில் பால்குடி மறந்த பிள்ளைக்கும் தெரியும். தெரிந்ததற்கு ஷுவைன்தான் காரணம். அவனுக்கு எப்படித் தெரிந்தது என்பதை அவன் இல்லாத இடத்தில்தான் பேசுவார்கள்.

*

அப்போது அவனுக்குக் கல்யாணமாகி இரண்டாவது வருஷம். மனைவி பெயர் ரய்யா. வாய்த்துடுக்கு உள்ள பெண். பழைய லேண்ட் குரூஸர் பிக்கப் ஒன்றுக்கு ஷுவைன் நல்ல பெண் ஒட்டகங்களை விற்று டர்போ போட்டிருந்தான். "என்னைக் கட்டுறதுக்கு ஒரு ஒட்டகம் கொடுத்தே. இந்த நத்தைக்கு ரெண்டு. யாரு ஒசத்தின்னு எனக்குத் தெரியாதா?" என்று அவள் கேட்காத நாள் கிடையாது. அவனும் "நீ மேட்டுல ஏறுவியா?" என்று கேட்பான். அந்த ஊர்ப் பெண்கள் அணிகிற முகமூடிக்குள்ளிருந்து அவள் சிரிப்பது கண்ணில் தெரியும்.

கோடையில் மணல்காரர்கள் எல்லாரும் பிதியா ஊர்ப் பேரீச்சந்தோப்புகளுக்குப் போய்விடுவார்கள். அந்த வருஷம் ஷுவைனின் ஆடுகளுக்குச் சொறி கண்டிருந்தது. தோப்புக்கு ஓட்டிப் போனால் ஊர் ஆடுகளுக்கும் ஒட்டிக்கொள்ளும் என்று இருவரும் மணலிலேயே தங்கிவிட்டார்கள். மாசமாக இருந்த ரய்யாவுக்கு நாள் இன்னும் இருக்கிறது என்று நினைத்தார்கள். நினைப்புதான் பிழைப்பைக் கெடுக்கும். ஆகஸ்ட் மாதத்து நடுப்பகலில் வலி எடுத்தது. வலியோடு ரத்தமும் வந்தது.

அவளை முன்சீட்டில் சாய்த்துப் படுக்கவைத்து, போர்வையால் மூடி, வண்டியைக் கிளப்பினான். காலை வைத்தால் கொப்பளிக்கிற மணல். மேடும் பள்ளமுமாக ஏறி இறங்க ஏறி இறங்க, சூட்டு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. அப்போது மணலில் ஓட்டுகிறவர்கள் செய்கிற ஒரு காரியத்தை அவன் செய்தான். குளிர்காலத்துக்காக வண்டியில் வைத்திருக்கிற ஹீட்டரை முழுசாகத் திறந்தான். இன்ஜினின் சூடு உள்ளே பாயும். அந்த அளவுக்கு இன்ஜின் தப்பிக்கும்.

அனல்காற்று ரய்யாவின் முகத்தில் நேராக அடித்தது.

"யா அல்லா! என்னத்தைத் திறந்து விட்டே?"

"வண்டிக்குக் காய்ச்சல். கொஞ்சம் நாம வாங்கிக்கிட்டாத்தான் அது போகும்."

"எனக்கு இருக்கறது பத்தாதா?" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "சரி, வாங்கிக்கறேன். அதுவும் உனக்குப் பொண்டாட்டிதானே" என்றாள். பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னதால் அது சிரிப்பா அழுகையா என்று அவனுக்குத் தெரியவில்லை.

ரேடியேட்டருக்கு ஊற்றியதில் கேன் தண்ணீர் தீர்ந்துபோனது. முன்னால் பெரிய மணல்வரப்பு ஒன்று கிடந்தது. கோடைக்காற்றில் அதன் கணவாய் நாளுக்கொரு இடம் மாறும். தப்பான இடத்தில் ஏறினால் வண்டி அச்சு வரைக்கும் புதைந்துவிடும். வரப்பின் அடியில் ஓலைக்குடிசை போட்டு, மனைவியோடும் ஒரு வேலையாளோடும் கோடையிலும் அங்கேயே இருந்தவர் ஹமூத் ஒருவர்தான். ஷுவைனைவிட வயதில் மூத்தவர். அவர் வாசலைத் தாண்டிக் காபி குடிக்காமல் யாரும் போனதில்லை என்று நாலு ஊருக்குப் பேர். தண்ணீரும் அவரிடம் இருக்கும், வழியும் அவருக்குத் தெரியும்.

ஷுவைன் குடிசை முன்னால் வண்டியை நிறுத்தினான். அணைக்கவில்லை. ஜன்னல் வழியே தலையை நீட்டினான்.

"அண்ணே, தண்ணி! கொஞ்சம் தண்ணி! கணவாய் இப்ப எந்தப் பக்கம்?"

ஹமூத் கெண்டியும் கையுமாக வெளியே வந்தார். வண்டியைப் பார்த்தார். உறுமலைக் கேட்டார். முகம் இறுகிப்போனது.

"யாரு, ஷுவைனா? உங்க அப்பன் என் வாசல்ல ஒட்டகத்தை மண்டி போட வெச்சுட்டுத்தான் வாயைத் திறப்பான். பிச்சை கேக்கறவன்கூட நின்னு கேப்பான். நீ உறுமிக்கிட்டே கேக்கறே. அணைடா அதை."

"அண்ணே, அவசரம். வீட்டுல கொஞ்சம் சொகமில்ல."

அவ்வளவுதான் சொன்னான். பிரசவவலி, ரத்தம் என்றெல்லாம் வெளியாளிடம் சொல்வது அங்கே ஆண்பிள்ளைக்கு அழகில்லை. பெண்டாட்டியின் பேரைக்கூடப் பிறர் முன்னால் சொல்ல மாட்டார்கள். 'வீட்டுல' என்றால் தலைவலியும் அதுதான், சாவும் அதுதான். போர்வைக்குள் ஒரு பெண் இருக்கிறாள் என்று தெரிந்ததும் ஹமூத் மரியாதையாக முகத்தைத் திருப்பிக்கொண்டார். திரும்பியதால் போர்வையில் இருந்த கறையை அவர் பார்க்கவில்லை. இரண்டு பேரும் மரியாதையில் ஒருவரை ஒருவர் மிஞ்சினார்கள். அந்த மரியாதையில் இடி விழ!

"தண்ணி மொண்டு வர்ற நேரத்துல ஒரு வாய் காபி குடிச்சா குடி முழுகிடாது. அணை" என்றார் ஹமூத்.

ஷுவைன் சாவியைத் திருப்பினான்.

இறங்கி வந்ததும் ஹமூத் கேட்டார், "சேதி என்ன?" மணலில் அந்தக் கேள்விக்கு முதல் பதில் ஒன்றே ஒன்றுதான். வீடு பற்றி எரிந்தாலும் அதுதான். உள்ளதை அப்புறம்தான் சொல்ல வேண்டும்.

"நல்ல சேதிதான்" என்றான் ஷுவைன்.

நின்றபடியே ஒரு கிண்ணம் காபியை வாய் வெந்துபோக விழுங்கினான். ஹமூத் தண்ணீர்த் தோல்பையோடு வந்து, கையை நீட்டிக் கணவாயைக் காட்டினார். ரேடியேட்டருக்கு ஊற்றிவிட்டு ஷுவைன் சாவியைத் திருப்பினான். இன்ஜின் இருமியது. மறுபடி திருப்பினான். கடைசியில் பிடித்தது, ஆனால் அது அவனுடைய வண்டியின் சத்தம் இல்லை. கத்தியைக் கல்லில் இழுக்கிற மாதிரி ஒரு கிறீச்சல். அப்புறம் நீலப்புகை. நத்தை இறுகிப்போய்விட்டது. வரப்பில் பாதிகூட ஏறாமல் வண்டி பின்னால் வழுக்கி வந்து நின்றது.

அப்போதுதான் ரய்யா கத்தினாள். ஹமூத் முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தார். போர்வையைப் பார்த்ததும் கெண்டியைக் கீழே போட்டுவிட்டு ஓடி வந்தார்.

"பாவி! இதை ஏன்டா வாயைத் திறந்து சொல்லல?"

ஹமூத்தின் வண்டி பிதியாவில் ரிப்பேருக்கு நின்றது. ஒட்டகத்தில் ஆள் போனது. ஆள் திரும்பி வருவதற்குள், ஹமூத்தின் மனைவி மடியில் ரய்யாவும் அவள் வயிற்றில் இருந்ததும் ஒன்றாகவே போய்விட்டார்கள். வரப்பின் அடியிலேயே அடக்கினார்கள்.

*

துக்கம் கேட்க வந்தவர்கள் மத்தியில் ஹமூத் எழுந்து, அங்கே வழக்கமாகச் சொல்வதைச் சொன்னார்: "அல்லா உன் நெஞ்சைக் குளிர வைக்கட்டும்." நல்ல வாழ்த்துதான். ஆனால் மணலில் அதே வாழ்த்தை இன்னோர் இடத்திலும் சொல்வார்கள். பழிக்குப் பழி வாங்கிவிட்டு வந்தவனைக் கட்டிப்பிடித்து, "நெஞ்சு குளிர்ந்துச்சா?" என்று கேட்பார்கள். ஷுவைன் நிமிர்ந்து ஹமூத்தைப் பார்த்தான். அதற்குப் பிறகு அவரோடு ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.

பிதியாவில் பட்டறைக்காரன் நத்தையைக் கழற்றி, எண்ணெய் வருகிற குழாயை உடைத்துக் காட்டினான். உள்ளே கரி அடைத்திருந்தது. "ஓடுனவுடனே அணைச்சீங்களா?" என்று சாதாரணமாகக் கேட்டான். "கொஞ்சம் ஆறவிட்டிருக்கணும்." ஷுவைன் பட்டறை வாசலில் சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தான்.

அதற்குப் பிறகு அவன் மணலுக்குள் குடியிருக்கவில்லை. மணல் முடிந்து தார்ரோடு தொடங்குகிற இடத்தில் தனியாக ஒரு வீடு கட்டிக்கொண்டு, பிக்கப்பில் தண்ணீர்த் தொட்டி வைத்து, உள்ளே இருக்கிற குடிகளுக்குத் தண்ணீர் கொண்டுபோய் விற்றான். வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. பெருநாளுக்கு மேடேறும் போட்டி நடக்கும்போது அடிவாரத்தில் நிற்பான். கொதித்துக்கொண்டு இறங்கி வருகிற ஒவ்வொரு வண்டியின் ஜன்னலிலும் கையை வைத்து, "அணைக்காதே. ஆறட்டும்" என்பான். கேலி செய்தார்கள். அந்த வார்த்தையையே பட்டப்பேராக வைத்தார்கள். ஆனால் கேட்டுக்கொண்டார்கள். எத்தனையோ வண்டி தப்பித்தது.

எல்லாருக்கும் சொன்னான், ஹமூத்துக்கு மட்டும் சொல்லவில்லை.

அவர் காதுக்கு அது வராமலா இருக்கும்? வந்தது. ஆனால் அவர் அதை வேறு மாதிரி எடுத்துக்கொண்டார். அன்றைக்கு இன்ஜின் போனது விதி என்றுதான் அவர் நம்பினார். ஷுவைன் ஊர் ஊராகப் போய் வாசலில் வண்டியை உறுமவிடுவது தன்னைக் குத்திக்காட்டத்தான் என்று நினைத்தார். அந்த வீம்பில் இவர், எந்த வாசலில் நின்றாலும் சக்கரம் நிற்பதற்குள் சாவியைத் திருப்பினார். "அவன் மரியாதையை மறந்தா நானும் மறக்கணுமா?" என்பார். பிறகு அவரும் டர்போ வண்டி வாங்கினார். அப்போதும் அப்படித்தான். ஒரு தடவை நத்தையை மாற்றினார், கம்பெனிக்காரனைத் திட்டினார்.

*

அந்தச் சாவுக்கு இரண்டு வருஷம் கழித்து ஹமூத்துக்கு ஒரு பெண் பிறந்தது. நஸ்ரா. அவள் பள்ளிப்படிப்பு முடிக்கிற வயதில், ஒரு சித்திரை வெயிலில், விறகுக்குக் கையை விட்டபோது விரியன் வலது கையில் கடித்தது. ஹமூத் முழங்கைக்குக் கீழே கயிற்றால் இறுக்கிக் கட்டினார். பயத்தில் அளவுக்கு மேல் இறுக்கினார். அவளைப் பின்சீட்டில் போட்டுக்கொண்டு பறந்தார். மணலுக்குள் போன் எடுக்காது. வரப்பைத் தாண்டி, மேடெல்லாம் தாண்டி, தார்ரோடு கண்ணில் படுகிற இடத்துக்கு வந்தபோது ரேடியேட்டர் கொதித்து ஆவி கக்கியது. முன்னால் இருந்த ஒரே வீடு ஷுவைனுடையது.

ஷுவைன் வாசலில் தன் பிக்கப்பை ஜாக்கியில் தூக்கி வைத்து, பின்சக்கரத்தைக் கழற்றிப் பஞ்சர் பார்த்துக்கொண்டிருந்தான். வண்டி வருகிற சத்தத்திலேயே அதன் நிலைமை அவனுக்குத் தெரிந்துவிட்டது. தண்ணீர் வற்றிப்போன இன்ஜின், சிவந்து கிடக்கிற நத்தை. ஓடுகிற நிலையிலேயே மெல்ல மெல்லத் தண்ணீர் ஊற்றி, கொஞ்சம் ஆறவிட்டால் ஊர் போய்ச் சேரும். அணைத்தால் அத்தோடு சரி.

வண்டி நின்றது. ஸ்டியரிங்குக்குப் பின்னால் இருந்தவர் யார் என்று பார்த்தான். வெள்ளைத் தாடி. ஹமூத்.

பின்சீட்டில் ஒரு போர்வையும் தெரிந்தது.

ஹமூத்துக்கு அந்த நிமிஷத்தில் என்ன தோன்றியிருக்கும்? தண்ணீர் கேட்க வந்திருக்கிறோம், யாரை அணைக்கச் சொன்னோமோ அவன் வாசலுக்கே வந்திருக்கிறோம், நாமும் உறுமிக்கொண்டு கேட்டால் அவன் என்ன நினைப்பான் என்று தோன்றியிருக்கும். அவர் கை சாவிக்குப் போனது.

ஷுவைன் அந்தக் கையைப் பார்த்தான். ஆயிரம் பேருக்குச் சொன்ன வார்த்தை. தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. உதட்டை மூடிக்கொண்டான்.

ஹமூத் சாவியைத் திருப்பினார். சத்தம் நின்றது. ஆவி மட்டும் சீறிக்கொண்டிருந்தது.

அதோடு விட்டானா? இறங்கி வந்த மனிதனிடம், கையில் ஸ்பானரோடு நிமிர்ந்து நின்று கேட்டான்.

"சேதி என்ன?"

ஹமூத் பின்சீட்டைத் திரும்பிப் பார்த்தார். ஆனாலும் மணலில் பிறந்த ஆள்.

"நல்ல சேதிதான்" என்றார்.

அந்த நேரத்தில் பின்சீட்டிலிருந்து குரல் வந்தது. "வாப்பா, கை எரியுது வாப்பா. கட்டை அவுத்து விடுங்க."

ஷுவைனின் கையிலிருந்து ஸ்பானர் நழுவியது. நெஞ்சு குளிரும் என்று இத்தனை வருஷமாக நம்பியிருந்தான். குளிரவில்லை. ஓடிப்போய்க் கதவைத் திறந்தான். சின்னப்பெண். கை முழங்கை வரைக்கும் வீங்கிக் கறுத்திருந்தது.

"பாம்பா?"

"விரியன்" என்றார் ஹமூத். "தண்ணி மட்டும் கொடு ஷுவைன், ஊத்திட்டு ஓடிடறேன். உன்னைக் கும்பிட்டுக் கேக்கறேன்."

தண்ணீர் ஊற்றினார்கள். ஹமூத் சாவியைத் திருப்பினார். ஓர் இருமல் வந்தது, அப்புறம் அதுவும் இல்லை. இனி அது கிளம்பாது என்று ஷுவைனுக்கு முன்பே தெரியும். தெரிந்துகொண்டேதான் தண்ணீர்க் குடத்தைச் சுமந்து வந்திருந்தான்.

போன் போட்டார்கள். ஆம்புலன்ஸ் அடுத்த ஊரிலிருந்து வர வேண்டும். ஷுவைன் மண்ணில் மண்டியிட்டு, பஞ்சர் ஒட்டாத டயரைத் தள்ளிவிட்டு, பழைய டயரைத் தேடி எடுத்து மாட்டினான். அவசரத்தில் நட்டு மணலில் விழுந்தது. மணலைச் சலித்துத் தேடினான். அவன் தேடுகிற வரைக்கும் அந்தப் பெண் முனகிக்கொண்டே இருந்தாள். கடைசியில் கிளம்பினார்கள். தார்ரோட்டில் அவன் அழுத்திய அழுத்தலில் அவனுடைய வண்டியும் கொதித்தது. ஒரு கையால் ஹீட்டரைத் திறந்தான். அனல் மூன்று பேர் மேலும் அடித்தது.

"சாச்சா, என்ன இது?" என்றாள் நஸ்ரா, கண்ணைத் திறக்காமல்.

"வண்டிக்குக் காய்ச்சல் தாயீ. கொஞ்சம் நாம வாங்கிக்கணும்" என்றான். சொல்லி முடிப்பதற்குள் அவனுக்குக் குரல் உடைந்துபோனது. ஹமூத் பயத்தில் என்று நினைத்து அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்.

*

உயிர் தப்பியது. கை தப்பவில்லை. கட்டிய கயிறு அதிக நேரம் இருந்துவிட்டது, கொஞ்சம் முன்னால் வந்திருந்தால் பார்த்திருக்கலாம் என்றார்கள். மணிக்கட்டுக்கு மேலே எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் ஹமூத் அவன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். பல வருஷத்துக்குப் பிறகு இருவரும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தார்கள்.

"அண்ணே" என்றான் ஷுவைன். "நீங்க வந்து நின்னப்ப, வண்டிய அணைக்காதீங்கன்னு நான்..."

"பேசாதே" என்று அவன் கையைப் பிடித்துக்கொண்டார் ஹமூத். "எனக்குத் தெரியும் நீ என்ன சொல்ல வர்றேன்னு. அன்னிக்கு நான் உன்னை அணைக்கச் சொன்னதைத்தானே? அன்னிக்கு என் வாய் சும்மா இருந்திருக்கணும் ஷுவைன். வாயைத் திறந்தேன், உன் குடும்பம் போச்சு. இன்னிக்கு நீ ஒரு வார்த்தை பழசைப் பேசல. சக்கரத்தை மாட்டிக்கிட்டு ஓடி வந்தே. நீ மனுஷன்."

ஷுவைன் வாயைத் திறந்தான். அந்தக் கிழவர் அழுதுகொண்டிருந்தார். திறந்த வாயை மூடிக்கொண்டான். இரண்டாவது தடவை மூடினான். அதற்குப் பிறகு அதைத் திறக்கத் தோதான சமயம் அவனுக்கு வாய்க்கவே இல்லை.

ஹமூத் ஊரெல்லாம் சொன்னார். சந்தையில் சொன்னார், பள்ளிவாசல் வாசலில் சொன்னார், கல்யாண வீட்டில் சொன்னார். பழி தீர்க்க வேண்டிய நேரத்தில் உயிரைக் காத்தவன் ஷுவைன் என்று பேர் பரவியது. பட்டப்பேரைச் சொல்லிக் கூப்பிடுவதையே மணல்காரர்கள் விட்டுவிட்டார்கள். அவன் வாசலில் வண்டியை ஓடவிட்டு உட்கார்ந்திருந்தால், "அவருக்கு அது பழக்கம், விடுங்க" என்று மரியாதையாக ஒதுங்கி நின்றார்கள். முன்பு கேலி செய்தபோது அவனால் உட்கார முடிந்தது. இந்த மரியாதையில் உட்கார முடியவில்லை. கொஞ்சம் கொஞ்சமாக விருந்துக்குப் போவதையே நிறுத்திக்கொண்டான். மேடேறும் போட்டிக்கும் போகவில்லை.

பெருநாளுக்கு மட்டும் ஹமூத் விடமாட்டார். ஆள் அனுப்பி இழுத்து வரச் சொல்வார். முதல் பெருநாளில் ஷுவைன் போய் வாசலில் வண்டியை நிறுத்தியபோது, அதே வாசல், அதே வரப்பு, வரப்பின் அடியில் ரய்யாவை அடக்கிய மேடு. இன்ஜினை ஓடவிட்டு உட்கார்ந்தான். ஹமூத் வெளியே வந்து, முகம் மலர, "ஆறட்டும் ஷுவைன், அவசரமே இல்ல. ஆறட்டும்!" என்று எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொன்னார். ஷுவைன் சட்டென்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டு இறங்கினான்.

உள்ளே பெரியவர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். காபி ஊற்ற நஸ்ராவே வந்தாள். ஷுவைனுக்கு மட்டும் தன் கையால் ஊற்ற வேண்டும் என்று கேட்டு வாங்கியிருந்தாளாம். மணலில் காபி ஊற்றுகிறவர் கெண்டியை இடது கையில் பிடித்து, கிண்ணத்தை வலது கையால்தான் கொடுக்க வேண்டும். அவள் இடது கையில் கெண்டியோடு அவன் முன்னால் வந்து நின்றாள். வலது பக்கம் சட்டைக்கையின் நுனி காலியாகத் தொங்கியது.

"சாச்சா, கோவிச்சுக்காதீங்க. கிண்ணத்தை நீங்களே பிடிச்சுக்குங்க. கொடுக்கறதுக்குத்தான் எனக்குக் கை இல்ல" என்று சொல்லிச் சிரித்தாள்.

"இருக்கற உசுரே அவர் கொடுத்ததும்மா" என்றார் ஹமூத். "அல்லா உன் நெஞ்சைக் குளிர வைக்கட்டும் ஷுவைன்."

சுற்றி இருந்தவர்கள் எல்லாரும் ஆமீன் என்றார்கள்.

ஷுவைன் கிண்ணத்தைப் பிடித்தான். அவள் ஊற்றினாள். கொதிக்கிற காபியை அப்படியே குடித்துவிட்டுக் கிண்ணத்தை நீட்டினான். போதும் என்றால் கிண்ணத்தை லேசாக ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாத வரைக்கும் ஊற்றுகிறவர் நிறுத்தக்கூடாது. அவனால் ஆட்ட முடியவில்லை. அவள் மறுபடி ஊற்றினாள். குடித்தான். மறுபடி ஊற்றினாள். கெண்டியின் கனத்தில் அந்த ஒற்றைக் கை நடுங்கத் தொடங்கியது. பெரியவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு அவனைப் பார்த்தார்கள். கிண்ணம் அசையவில்லை. அவள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.